வாயில்லா ஜீவன்களுக்கு அரசுப் பணம்: ரஹ்மத்தும் அமானிதமும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடையாக வந்த நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சமீப காலமாகத் தெருநாய்களைப் பற்றிய பேச்சு இல்லாத நாளே இல்லை. டீக்கடையிலும் அதே பேச்சு, வாட்ஸ்அப்பிலும் அதே பேச்சு. மஹல்லாவின் இளைஞர்கள் சிலர் தொழுகை முடிந்ததும் கேட்டார்கள்: "ஹஜ்ரத், மனுஷனுக்கே வீடில்லை, வைத்தியத்துக்குக் காசில்லை. இதில் நாய்க்கும் கிழட்டு மாட்டுக்கும் அரசாங்கம் தொண்டு நிறுவனங்களிடம் பணத்தைக் கொடுக்கிறதே, இது நியாயமா? அந்தப் பணத்தை முஸ்லிம்கள் நடத்துகிற ஓர் அமைப்பு வாங்கலாமா?"

நல்ல கேள்வி. கோபத்தில் கேட்டாலும் நல்ல கேள்விதான். இதில் ரஹ்மத் இருக்கிறது, ஆட்சியின் கடமை இருக்கிறது, பொதுப் பணத்தின் அமானிதம் இருக்கிறது. மூன்றையும் மார்க்கத்தின் வெளிச்சத்தில் இன்று பார்ப்போம்.

அரசு எதற்காகக் கொடுக்கிறது?

முதலில் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசுவது முஃமினின் பண்பல்ல.

இந்தியாவில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கு வழிவகுத்தவர் நம் சென்னையின் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அந்தச் சட்டத்திற்கு விதை. அந்தச் சட்டத்தின்படி 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் சென்னையில்தான் இருந்தது. 2018-ல்தான் ஹரியானாவுக்கு மாறியது.

அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு வாரியத்தின் வேலைகளைப் பட்டியலிடுகிறது. வயதாகி, பயனற்றுப் போன பிராணிகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடங்கள் உருவாகப் பண உதவி செய்து ஊக்கப்படுத்துவது அவற்றில் ஒன்று. காப்பகக் கொட்டகை, ஆம்புலன்ஸ், நாய்களுக்கான கருத்தடை, வெள்ளம் புயல் காலத்தில் கால்நடைகளுக்கு நிவாரணம் என்று மானியங்கள் வகைப்படுத்தப்பட்டன. தமிழக அரசும் 2022-23 நிதிநிலை அறிக்கையில், ஆதரவற்ற பிராணிகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ, வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் என்ற பெயரில் 20 கோடி ரூபாயை அறிவித்தது.

இது யாருடைய பணம்? நீங்கள் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறீர்களே, அந்தப் பணம். ஆட்டோ ஓட்டுகிறவரின் பணம், பீடி சுற்றுகிற தாயின் பணம். ஆகவே கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதில்தான் மார்க்கம் நமக்கு வழிகாட்டுகிறது.

அவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே

பூமியில் ஊர்ந்து திரியும் எந்தப் பிராணியும், இரு சிறகுகளால் பறக்கும் எந்தப் பறவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை ஸூரத்துல் அன்ஆமில் அல்லாஹ் சொல்கிறான். அங்கே வரும் வார்த்தை "உமம்", அதாவது உம்மத்துகள். நம்மை அழைக்கும் அதே வார்த்தையால் எறும்பையும் காகத்தையும் அல்லாஹ் குறிப்பிடுகிறான்.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் தண்ணீர் நிரப்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்த மனிதரின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். அவருடைய பாவம் மன்னிக்கப்பட்டது. மிருகங்களுக்கு உதவினாலும் கூலியா என்று ஸஹாபாக்கள் வியந்து கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்ததும் நமக்குத் தெரியும். இரண்டும் புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் உள்ளவை.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "நாய் நஜீஸ்தானே ஹஜ்ரத்?" என்று சிலர் கேட்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் உமிழ்நீர் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். அது தூய்மையின் சட்டம். அந்தச் சட்டம் நாயின் மீது கல்லெறிய அனுமதி தரவில்லை. நஜீஸ் என்றால் கழுவிக்கொள். அதற்காக அதன் காலை உடைக்காதே! பாவமன்னிப்புக்குக் காரணமாக அல்லாஹ் தேர்ந்தெடுத்த பிராணியே நாய்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இது ஆட்சியாளரின் கடமையுமா?

"தனி மனிதர் ஸதகா செய்யட்டும். அரசாங்கம் ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்கலாம்.

அபூதாவூதில் வரும் ஒரு சம்பவத்தைப் பாருங்கள். அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் நபி (ஸல்) அவர்கள் நுழைந்தார்கள். அங்கே நின்ற ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகிக் கண்ணீர் விட்டது. அதைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்திவிட்டு, இதன் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். ஓர் இளைஞர் முன்வந்தார். அல்லாஹ் உமக்கு உடைமையாக்கித் தந்த இந்தப் பிராணியின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சமாட்டீரா, நீர் இதைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதாக இது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். கேட்டவர்கள் அல்லாஹ்வின் தூதர். அதே நேரம் மதீனாவின் ஆட்சித் தலைவர். "உன் ஒட்டகம், உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

அடுத்து உமர் (ரலி) அவர்களின் ஆட்சி. அரசின் பொறுப்பில் இருந்த பிராணிகளுக்காக ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்திற்கு "ஹிமா" என்று பெயர். அதன் காவலராக ஹுனை என்பவரை நியமித்தபோது அவர்கள் சொன்ன உபதேசம் புகாரியில் இருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனையை அஞ்சிக்கொள். கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருக்கிற ஏழையை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபின் மந்தையையும் உஸ்மானின் மந்தையையும் விடாதே என்றார்கள். காரணமும் சொன்னார்கள். செல்வந்தரின் கால்நடை செத்தால் அவருக்குப் பேரீச்சந்தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை செத்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம்தான் வந்து நிற்பான். அவனுக்கு அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இப்போது புல்லும் தண்ணீரும் கொடுப்பது எனக்கு எளிது.

சுப்ஹானல்லாஹ்! ஒரு அரசு எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் உண்டா? மிருகத்திற்குக் கொடுக்கும் புல் ஏழை மனிதனுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு. முன்கூட்டியே கொடுக்கும் சிறு உதவி பின்னால் வரும் பெரும் செலவைத் தடுக்கிறது. உதவி யாருக்குப் போக வேண்டும், யாருக்குப் போகக் கூடாது என்ற வரிசையும் அதில் இருக்கிறது.

உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் எகிப்தில் ஒட்டகங்கள் மீது ஆயிரம் ராத்தல் சுமை ஏற்றப்படுவதைக் கேள்விப்பட்டு, 600 ராத்தலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று உத்தரவு எழுதினார்கள். இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) ஹிஜ்ரி 660-ல் வஃபாத்தானவர்கள். மனிதன் மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை அவர்கள் பட்டியல் போட்டார்கள். வயதாகியோ நோயுற்றோ பயனற்றுப் போனாலும் அதற்குத் தீனி போட வேண்டும். தாங்க முடியாத சுமை ஏற்றக் கூடாது. அதன் கண்ணெதிரே அதன் குட்டியை அறுக்கக் கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. இந்தியச் சட்டத்தின் 9-வது பிரிவில் வயதாகிப் பயனற்றுப் போன பிராணிகள் என்று நாம் பார்த்தோமே, அதை நம் இமாம் சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்.

வேலைக்கு உதவாமல் போன கால்நடைகள் சாகும்வரை மேய்வதற்காக டமாஸ்கஸில் ஒரு பசும்புல்வெளியே வக்ஃபாக இருந்தது என்று முஸ்தஃபா அஸ்ஸிபாஈ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே விலங்கு நலனுக்குப் பொதுப் பணம் என்பது மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால், நம் சொந்த வரலாறு அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

மனிதனா, மிருகமா?

இப்போது அந்த இளைஞர்களின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்.

மனிதனின் தேவைக்கு முன்னுரிமை உண்டு. இதில் சந்தேகமே இல்லை. ஜகாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸூரத்துத் தவ்பாவில் அல்லாஹ் எட்டு வகையினருக்கு அதை ஒதுக்கிவிட்டான். நாய்க் காப்பகத்திற்கு ஜகாத் பணத்தைக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. ஆனால் உபரியான ஸதகா கொடுக்கலாம், வக்ஃப் செய்யலாம். இரண்டுக்கும் கூலி உண்டு. இந்த வரிசையை நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆனால், மிருகத்திற்குக் கொடுப்பதெல்லாம் மனிதனிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பது என்று நினைப்பது தவறு. ரேபிஸ் நோயைப் பாருங்கள். உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு ஏறத்தாழ மரணம்தான். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே நோயின் சங்கிலி அறுந்துபோகும் என்பதும் அந்த நிறுவனம் சொல்வதுதான். நாய்க் கருத்தடை விதிகள் முதலில் 2001-ல் வந்தன. 2023-ல் புதிதாக வந்தன. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, காதில் அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது அவற்றின் சாரம். செய்ய வேண்டிய பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு. அந்த வேலையைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் பணம் பெற்றுச் செய்கின்றன.

நாயிடம் கடிபடுவது யார்? காரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையா? அதிகாலையில் மக்தபுக்கு நடந்து போகிற பிள்ளை, குப்பை பொறுக்குகிற முதியவர், இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற தொழிலாளி. ஆகவே அந்தத் தடுப்பூசிப் பணம் நாய்க்குப் போகிற மாதிரித் தெரிந்தாலும், போய்ச் சேருவது நம் பிள்ளைகளின் உயிருக்கு. உமர் (ரலி) அவர்கள் சொன்ன புல்லும் தண்ணீரும் இதுதான்.

ஆகவே "நாய்க்கு ஏன் பணம்?" என்று கேட்காதீர்கள். "நாய்க்கு என்று ஒதுக்கிய பணம் என்ன ஆனது?" என்று கேளுங்கள்! அதுதான் மார்க்கம் கற்றுத் தரும் கேள்வி.

பொதுப் பணம் நெருப்பு

மனிதருக்குக் கொடுக்கும் உதவியில் மோசடி நடந்தால் அந்த மனிதர் வாய் திறந்து முறையிடுவார். வாயில்லா ஜீவனுக்கு வந்த பணத்தைத் தின்றால் யார் முறையிடுவார்? 100 மாடு இருக்கிறது என்று கணக்கு எழுதி 40 மாட்டுக்குத் தீவனம் வாங்கினால், மீதி 60 மாடு கலெக்டர் அலுவலகத்துக்கா போகும்? நாய் ஒன்றுக்கு இவ்வளவு தொகை என்று பணம் கொடுக்கும் இடத்தில், செய்யாத கருத்தடையைச் செய்ததாக எழுதத் தூண்டுதல் வரும். அதனால்தான் அகற்றப்பட்ட உறுப்புகளை எண்ணிச் சரிபார்க்கும் நடைமுறையே வைத்திருக்கிறார்கள். மனிதனின் நாக்கை நம்ப முடியாத நிலை!

கைபர் போருக்குப் பின் நபி (ஸல்) அவர்களின் பணியாளர் ஒருவர் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்துபோனார். அவருக்கு ஷஹாதத் கிடைத்தது, வாழ்த்துகள் என்று மக்கள் சொன்னார்கள். அப்படியல்ல, பங்கிடப்படுவதற்கு முன் பொதுச் சொத்திலிருந்து அவர் எடுத்த போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பயந்து ஒருவர் ஒரு செருப்பு வாரைக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் நெருப்பு வார்தான் என்றார்கள். ஒரு போர்வை, ஒரு செருப்பு வார்! அப்படியானால் ஒரு காப்பகத்தின் தீவனப் பணம்?

ஜகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றபோது, தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் உமக்கு இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று மின்பரில் ஏறி நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தீவனக் கடைக்காரரிடம் கமிஷன், மருந்துக் கம்பெனியிடம் பரிசு, டெண்டர் கொடுத்த அதிகாரிக்குக் கவர். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கேள்வி போதும்.

இனி, முஸ்லிம்களின் அமைப்பு அந்த மானியத்தை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஹலாலான காரியத்திற்கு அரசு தரும் உதவி அது. முறையாகப் பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டும், வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும், தணிக்கை செய்த கணக்கு வேண்டும், செலவழித்த பின் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை நிறைவேற்றுவது சட்டத்திற்காக மட்டுமல்ல. ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குக் கட்டுப்படுவது முஸ்லிமின் மீது மார்க்கக் கடமை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆம்புலன்ஸுக்கு என்று வாங்கிய பணத்தில் பள்ளிவாசலுக்கு டைல்ஸ் போட்டாலும் அது மோசடிதான். "நல்ல காரியத்துக்குத்தானே ஹஜ்ரத்?" என்றால், மோசடிப் பணத்தின் ஸதகா ஏற்கப்படாது என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து. அந்த டைல்ஸ் மீது ஸஜ்தா செய்வது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

குர்பானியும் நாமும்

இன்னொரு மனக்குறையும் நம்மிடம் உண்டு. "இந்த விலங்கு நல அமைப்புகளுக்கு பக்ரீத் வந்தால் மட்டும்தான் கருணை வருகிறது" என்கிறோம். சில இடங்களில் அப்படி நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதே 1960 சட்டத்தின் 28-வது பிரிவு, ஒரு சமுதாயத்தின் மதம் வேண்டும் முறையில் பிராணியை அறுப்பது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்கிறது. அந்தச் சட்டம் நம் குர்பானிக்கு எதிரியல்ல.

குர்பானி நம் இபாதத். அதை நாம் எப்படிச் செய்கிறோம்? மினி லாரியில் மூச்சு முட்ட அடைத்து, தண்ணீர் இல்லாமல் இரவெல்லாம் கொண்டு வருவதை எந்த மார்க்கம் அனுமதித்தது? அறுப்பதானால் அழகிய முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை முஸ்லிமில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நம்மிடம் அந்த சுன்னத் இருந்தால், கேள்வி கேட்க வருகிறவருக்கும் நம்மிடம் பதில் இருக்கும். வருடம் முழுவதும் நாமும் தண்ணீர் வைத்து, அடிபட்ட பிராணிக்கு வைத்தியம் பார்த்து வந்தால், நம்மைக் கருணை இல்லாதவர்கள் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

நாம் செய்ய வேண்டியவை

1. கோடைக் காலத்தில் வீட்டு வாசலிலும் மாடியிலும் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றுங்கள். அரசு மானியம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கூலி உங்களுக்கு.

2. குர்பானிக் கழிவையும் கல்யாண வீட்டு எச்சில் இலையையும் தெருமுனையில் கொட்டாதீர்கள். நாய்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைப்பது நாம்தான். பிறகு நகராட்சியைத் திட்டுவதும் நாம்தான்.

3. பிள்ளைகள் நாய் மீது கல்லெறிந்தால் தடுங்கள். கடிபட்டுவிட்டால் மந்திரித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். எல்லாத் தவணையையும் போட்டு முடியுங்கள்.

4. உங்கள் நகராட்சியோ பஞ்சாயத்தோ நாய்க் கருத்தடைக்கு எவ்வளவு ஒதுக்கியது, எந்த நிறுவனத்திடம் கொடுத்தது, எத்தனை நாய்களுக்குச் செய்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். உமர் (ரலி) அவர்களையே சபையில் எழுந்து கேள்வி கேட்ட சமுதாயம் இது.

5. நம் சமுதாயத்தில் கால்நடை மருத்துவம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்குத் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பு நடத்தலாம். அங்கே எந்த மதத்தாருடைய மாடு, ஆடு வந்தாலும் வைத்தியம் நடக்கட்டும்.

அன்பானவர்களே! உஸ்மான் (ரலி) அவர்கள் ஒரு முறை அனல் பறக்கும் வெயிலில் தூரத்தில் ஒருவர் இரண்டு இளம் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தார்கள். இந்த வெயிலில் யார் இவர், கொஞ்சம் குளிர்ந்த பின் வரக் கூடாதா என்று நினைத்தார்கள். அருகில் வந்ததும் பார்த்தால், அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள்! ஸதகா ஒட்டகங்களில் இரண்டு பின்தங்கிவிட்டன, அவை தொலைந்துபோனால் அல்லாஹ் என்னிடம் கேட்பானே என்று பயந்து மேய்ச்சல் நிலத்தில் சேர்க்கப் போகிறேன் என்றார்கள். நிழலுக்கு வாருங்கள், வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று உஸ்மான் (ரலி) அழைத்தபோது, நீங்கள் உங்கள் நிழலுக்குத் திரும்புங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

இரண்டு ஒட்டகங்கள்! அவற்றில் பொதுச் சொத்தின் அமானிதமும் இருந்தது, வாயில்லா ஜீவனின் உயிரும் இருந்தது. இரண்டையும் ஒருசேரச் சுமந்தார்கள் உமர் (ரலி). அரசுப் பணத்தைக் கையில் வாங்குகிற ஒவ்வொருவரும், அதிகாரியானாலும் தொண்டு நிறுவனமானாலும் ஜமாஅத் நிர்வாகமானாலும், அந்த வெயிலை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது நினைத்துப் பார்க்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் உன் படைப்பினங்கள் மீது இரக்கத்தைத் தருவாயாக! பொதுப் பணத்தைத் தொடும் கைகளுக்கு உன்னைப் பற்றிய அச்சத்தைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளையும் எங்கள் ஊரையும் கொடிய நோய்களிலிருந்து பாதுகாப்பாயாக! எங்கள் இபாதத்துகளை அழகிய முறையில் நிறைவேற்றும் பாக்கியத்தைத் தந்து, அவற்றை ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.